ராகிக் குழிக்கு வந்த பரிசு

பாகலூர்
23-10-1957

சிரஞ்சீவி தம்பி திம்மராயனுக்கு உன் அக்காள் வெங்கடம்மாள் எழுதிக்கொள்வது.

சிரஞ்சீவி என்று எழுதிப் பழகின கை, அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பாதிரியார் கொடுத்த நல்ல காகிதம், அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இவ்விடம் க்ஷேமம் என்று நான் எழுதப் போவதில்லை. அவ்விடத்து க்ஷேமத்தை உங்கள் ஊர்ப் பேப்பரிலேயே படத்தோடு போட்டிருக்கிறார்களே, நான் வேறு கேட்க வேண்டுமா?

உன் கடிதம் போன மாதமே வந்தது. துப்பறியும் கதைகளுக்கென்று பாரீஸில் ஒரு பரிசு இருக்கிறது, அதிலும் டெலிவிஷன் என்கிற பெட்டியில் நடித்துக் காட்டத் தோதான கதைக்குத்தான் கொடுப்பார்கள், வெள்ளைக்காரர்கள் அத்தனை பேர் எழுதியும் நீ பிரெஞ்சில் எழுதின கதைக்குத்தான் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இந்த மடச்சி என்ன செய்தேன் தெரியுமா? தபால்காரரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். தெருவில் ஐந்து வீட்டுக்கு வெல்லம் கொடுத்தேன். ஆறு வருஷமாக என் முகத்தில் விழிக்காதவர்கள் வீட்டு வாசலிலும் ஒரு கட்டி வைத்துவிட்டு வந்தேன்.

அதே கடிதத்தில் எனக்கு ஒரு வேலையும் சொல்லியிருந்தாய். நம்ம ராகிக் குழியின் வாய் எத்தனை சாண், ஆழம் எத்தனை முழம், மூடுகல் என்ன கனம், எல்லாம் அளந்து எழுது, ஒரு ஆவாரங்கொத்தையும் காயவைத்துக் கவரில் வை, பெட்டிக்காரர்கள் அதேமாதிரி ஒரு குழி கட்டப் போகிறார்கள் என்று. எதற்கு என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் புருஷனை, உன் மாமாவை, ஜெயிலுக்கு அனுப்பின குழி அது. அன்றையிலிருந்து அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை. தம்பி கேட்டுவிட்டானே என்று கயிற்றை எடுத்துக்கொண்டு போய், முள்ளை விலக்கி, குனிந்து வாயை அளந்தேன். மூன்று சாண், நாலு விரல். மறந்துவிடக் கூடாதென்று அடுப்பங்கரைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தேன்.

பாதிரியாருக்கு ஒரு புஸ்தகம் அனுப்பியிருந்தாய் அல்லவா? உனக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்த பழையவர் காலமாகிவிட்டார். உனக்கு எங்கே தெரியும், நீ எப்போது விசாரித்தாய்? இப்போது இருப்பவர் இந்தச் சித்திரையில்தான் வந்தார். அவரும் அந்த தேசத்துக்காரர்தான், நல்ல மனுஷன், நம்ம வீட்டுக் கேஸைப் பற்றி ஒன்றும் அறியாதவர். புஸ்தக உறையில் உன்னைப் பற்றிப் போட்டிருந்த இடத்தில் நம்ம ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்கள் பூசை முடிந்ததும் வா, உன் தம்பி எழுதினதைத் தமிழில் சொல்கிறேன் என்றார். பரிசு கொடுத்தவர்கள் சொன்னதையும் பேப்பரிலிருந்து படித்தார். ஒரு குழி, ஒரு கல், நாலே மனிதர்கள், ஒரு சின்ன அறைக்குள் முழுக்கதையையும் நடித்துக் காட்டிவிடலாம், பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கதை வரவில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன்.

முதல் ஞாயிறு. இரண்டு பங்காளிகள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, தானியத்தைக் கொட்டிக் கல்லால் மூடி வைக்கிற ஒரு ராகிக் குழி. இப்போதே திறக்க வேண்டும் என்கிறான் ஒருத்தன், அமாவாசை கழியட்டும் என்கிறான் இன்னொருத்தன். காலங்கார்த்தாலே தெருவே கேட்கிற மாதிரி சண்டை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்ம துக்கத்தைத்தான் எழுதியிருக்கிறாய், ஒருத்தருக்கும் தெரியாமல் மனசுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறாய் என்று நினைத்தேன். பாதிரியார்கூட என்னைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அவருக்கு நம்ம வழக்கம் விளங்கவில்லை, நான்தான் விளக்கிச் சொன்னேன். மூடிக் கிடந்த குழிக்குள் காற்று விஷமாகிவிடும், கல்லை நகர்த்திக் கொஞ்ச நேரம் திறந்துபோட வேண்டும், அப்புறம் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது, அடிவரைக்கும் எரிந்தால்தான் குழி வாயில் ஒரு ஆவாரங்கொத்தை நடுவோம், கொத்தைப் பார்த்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கூடையோடு இறங்கலாம் என்று சொன்னேன். அவர் புஸ்தகத்தைத் தட்டி, இதையேதான் உன் தம்பியும் எழுதியிருக்கிறான், ஒரு எழுத்து மாறவில்லை என்று சந்தோஷப்பட்டார்.

இரண்டாம் ஞாயிறு. சண்டை போட்டவர்களில் ஒருத்தன் மத்தியானம் அந்தப் பக்கம் போகிறான், குழி திறந்து கொத்து நட்டிருக்கிறது, பங்காளி மனசு மாறிவிட்டான் என்று இறங்குகிறான், செத்துப்போகிறான். வேண்டுமென்றே கொத்தை நட்டுக் கொன்றுவிட்டான் என்று மற்றவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நம்ம பங்காளி கரியப்பன் செத்ததும் உன் மாமா கங்கப்பன் போனதும் அப்படியே. பேரை மட்டும் மாற்றியிருக்கிறாய்.

மூன்றாம் ஞாயிறுதான் என் தலையில் இடி விழுந்தது. கொத்தை நட்டது அந்தப் பங்காளி இல்லையாம். அவன் பெண்டாட்டியின் தம்பியாம், பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பதினேழு வயசுப் பையனாம். விஷக் காற்றில் சுடர் அணையும் என்று பாடத்தில் படித்ததைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசையாம். அக்காள் வீட்டு மாடத்திலிருந்து விளக்கை எடுத்துப்போய், கல்லை நெம்பி, இறக்கிப் பார்க்கிறான். அணைகிறது. ஏற்றி மறுபடி இறக்குகிறான். அணைகிறது. மூன்றாம் தரம் இறக்கும்போது கயிற்றின் முடிச்சு அவிழ்ந்து விளக்கு உள்ளே விழுந்துவிடுகிறது. யாரோ வருகிற சத்தம் கேட்கிறது. கேட்காமல் குழியைத் திறந்ததற்கு உதை விழுமே என்று பயந்து, பெரியவர்கள்தான் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றட்டுமென, பக்கத்துச் செடியிலிருந்து ஒரு ஆவாரங்கொத்தை ஒடித்து வாயில் நட்டுவிட்டு ஓடுகிறான்.

இந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படியுங்கள் சாமி என்றேன். படித்தார். இன்னொரு தரம் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஏண்டா, விளக்கை மூன்று தரம் இறக்கினது யாருக்குடா தெரியும்? போலீஸ் எழுதவில்லை. கோர்ட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. குழிக்கு அடியில் விளக்கு கிடந்தது என்பதுதான் ஊருக்குத் தெரியும். முடிச்சு அவிழ்ந்து விழுந்தது என்று, கூட நின்று பார்த்தவனைத் தவிர யார் சொல்ல முடியும்? அளவு வேண்டுமாம் அளவு! விளக்கை விட்டு அளந்தவன் நீ, என்னைக் கேட்கிறாயே.

அன்றைக்குக் கோர்ட்டில் நீயும் இருந்தாய். மூன்றாவது பெஞ்சில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. சர்க்கார் வக்கீல் அந்த விளக்கை என் கண் முன்னால் தூக்கிப் பிடித்து, இது யார் வீட்டு விளக்கு என்று கேட்டார். பிடி உடைந்துபோய் உன் மாமா கம்பி சுற்றிக் கொடுத்த விளக்கு. என் வீட்டு விளக்குதான் என்று சொன்னேன். சத்தியம் பண்ணிவிட்டு வேறு எப்படிச் சொல்வது? அதோடு எல்லாம் முடிந்தது. கங்கப்பன்தான் விளக்கை இறக்கியிருக்கிறான், அணைகிறது என்று தெரிந்துகொண்டே கொத்தை நட்டிருக்கிறான், காலையில் போட்ட சண்டைக்கு மத்தியானம் தீர்த்துக்கொண்டான் என்று அவர் பேசினார். உன் மாமா அந்நேரம் ஏரிக்கு அந்தண்டை தனியாக உழுதுகொண்டிருந்தார். அதற்குச் சாட்சி இரண்டு மாடுதான். ஆயுள் தண்டனை என்றார்கள். என் வாயாலேயே என் புருஷனை உள்ளே தள்ளினேன் என்று ஆறு வருஷமாகப் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எனக்குக் கசக்கிறது. இத்தனையும் தெரிந்தவன் நீ என் பக்கத்தில் நடந்து பஸ்ஸுக்கு வந்தாய், அழாதே அக்கா என்று என் தோளைப் பிடித்தாய். அடப் பாவி! அப்பீல் மனுவைக்கூட உன் அழகான கையெழுத்தில்தானே எழுதினாய். அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் படிக்கப் போனாய், அங்கிருந்து கப்பல் ஏறினாய், திரும்பிப் பார்க்கவில்லை.

கதையின் முடிவை மட்டும் பாதிரியாரைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னேன். புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சு டாக்டர் வந்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறாராம். பையன் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறானாம். பங்காளியை விடுதலை செய்துவிடுகிறார்களாம். எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்களாம். புஸ்தகத்தில் ஒரே பக்கத்தில் வெளியே விட்டுவிட்டாய். சேலம் ஜெயிலில் இருக்கிறவருக்கு யார் சொல்வது, அவர் வெளியே வந்துவிட்டார் என்று?

அதற்கு மேல் பாதிரியாரிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். வக்கீல் கௌஸ் மொய்தீன் ஐயாவைப் பார்த்தேன். நம்ம அப்பீலை நடத்தினவர்தான். கதைப் புஸ்தகத்தை எந்த ஜட்ஜும் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றார். எழுதினவனே தன் கைப்பட, நடந்தது இதுதான் என்று, அங்கே இருக்கிற நம்ம தூதராபீசில் போய்ச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பினால், அதை வைத்து விடுதலை கேட்டு சர்க்காருக்கு மனு போடலாம் என்றார். பையனுக்கு அப்போது பதினேழு வயசு, கொல்கிற எண்ணம் இல்லை, அவனுக்குப் பெரிதாக ஒன்றும் வராது, நீங்கள் தைரியமாக எழுதலாம் என்றும் சொன்னார். உனக்கு ஒன்றும் வரக் கூடாதே என்று அப்போதும் கேட்டவள் நான்தான். எனக்கு வெட்கமில்லை பார்.

ஆகவே ஒரே ஒரு காரியம். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே அந்த ஆபீசுக்குப் போ. நடந்ததை எழுது, கையெழுத்துப் போடு, அனுப்பு. ஆவாரங்கொத்து அனுப்ப முடியாது. கரிக்கோட்டை நேற்றுச் சாணி போட்டு மெழுகிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. மழை இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. ராகி முழங்கால் உயரம்தான் நிற்கிறது. உனக்கு நல்லது நடக்கட்டும் என்று முடிக்க இன்று எனக்கு மனசு இல்லை. பதிலைப் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள்
வெங்கடம்மாள்


பாகலூர்
30-1-1958

திம்மராயனுக்கு,

உன் பதில் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நாலு பக்கத்திலும் கையெழுத்து எங்கே என்று தேடினேன்.

கற்பனை என்கிறாய். எழுத்தாளன் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் எடுத்துக் கோத்து எழுதுவான், அதையெல்லாம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறாய். இரண்டாம் பக்கத்தில் பாதிரியார் சரியாக மொழிபெயர்த்திருக்க மாட்டார் என்கிறாய். அவர் பாஷையை அவருக்கே நீ சொல்லிக் கொடுப்பாயா? மூன்றாம் பக்கத்தில் உண்மை தன்னால் வெளியே வந்துவிட்டது. இப்போது கையெழுத்துப் போட்டால் விஷயம் பேப்பருக்குப் போகும், அசல் சாவை வைத்துப் பரிசு வாங்கினான் என்று எழுதுவார்கள், பெட்டிக்காரர்கள் நிறுத்திவிடுவார்கள், சித்திரையில் பெட்டியில் காட்டி முடிக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம் அக்கா என்று. எனக்கு இப்போதுதான் வாழ்க்கை ஆரம்பிக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். நன்றாக ஆரம்பிக்கட்டும். உன் மாமாவுக்கு நாற்பத்தாறு வயசு. முன்பல் இரண்டு இல்லை. போன வருஷத்திலிருந்து வலது காது கேட்கவில்லை. சித்திரை வரைக்கும் அவர் பொறுத்துக்கொள்வார் என்று நீயே முடிவு பண்ணிவிட்டாய்.

நான் சும்மா இருக்கவில்லை. நாராயணம்மாவிடம் போனேன். ஆமாம், கரியப்பன் பெண்டாட்டியிடம்தான். ஆறு வருஷமாக நான் குடத்தோடு வெளியே வந்தால் காறித் துப்பிவிட்டு உள்ளே போகிறவள். நான் படியேறினதும் தெலுங்கில் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். திட்டி முடிக்கிற வரைக்கும் நின்றேன். பிறகு சொன்னேன், என் புருஷன் இல்லை, என் தம்பி என்று. அவள் என்னை நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்ற, தூரதேசத்தில் இருக்கிறவன் தலையில் போடுகிறாள் என்றாள். அப்படியானால் வா, நீயே காதால் கேள் என்று கூட்டிக்கொண்டு போனேன். பாதிரியார் வீட்டு வராந்தாவில் என்னிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தாள். முழுக்க வேண்டும், ஒரு வரி விடக் கூடாது என்றாள்.

நான் கேட்காமல் விட்டிருந்த பக்கம் அப்போதுதான் வந்தது. பாதிரியார் தயங்கினார். நாராயணம்மா விடவில்லை. பையன் ஓடிப்போகவில்லையாம். கள்ளிவேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தானாம். அந்த ஆள் இறங்கினதைப் பார்த்தானாம். உள்ளேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்ட சத்தம் கேட்டதாம். பையனுக்குக் கால் எழும்பவில்லையாம். மூன்றாம் தரம் சத்தம் வரவில்லையாம்.

நாராயணம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். யாரைக் கூப்பிட்டார் என்று எழுதியிருக்கிறதா என்றாள். பாதிரியார் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுதவில்லை அம்மா என்றார். அவள் என் பக்கம் திரும்பி, உன் தம்பிக்குத் தெரியும், கேட்டுச் சொல் என்றாள். கேட்டுவிட்டேன். எழுது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, அம்மா என்றாரா, ஐயோ என்று மட்டும்தானா, அது அவளுக்கு வேண்டும். உன் மாமாவின் விடுதலை மனுவில் தன் ரேகையும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள், நீ பதில் எழுதினால்.

நீ ஏன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. திறந்ததற்கு இல்லை, நட்டதற்கு இல்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு. நீ இறங்கியிருந்தால் நீயும் செத்திருப்பாய், அது எனக்குத் தெரியாதா? இறங்கச் சொல்லவில்லை. கத்தியிருக்கலாமே. களத்து மேட்டுக்கு ஓடி வந்திருக்கலாமே, நான் அங்கேதான் புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தாலேயே உன்னை நாலு சாத்துச் சாத்திவிட்டு ஆளைத் திரட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். என்னிடம் சொல்ல உனக்கு என்னடா பயம்? என்றைக்காவது உன்னைப் பட்டினி போட்டேனா? அம்மா போனபோது நீ இடுப்புப் பிள்ளை. எனக்கென்று ஒன்று வயிற்றில் தங்காமல் போனபோதும், திம்மராயன் இருக்கிறானே என்றுதான் நானும் அவரும் சொல்லிக்கொண்டோம்.

போன வெள்ளிக்கிழமை சேலம் போனேன். உன் பதிலையும் எடுத்துக்கொண்டு. கம்பி வலைக்கு அந்தண்டை அவர், இந்தண்டை நான். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. எனக்குத் தெரியும் என்றார்.

அன்று காலையில் நீ அவரிடம் மாட்டுக் கயிறு கேட்டாயாம். எதற்கு என்று கேட்காமல் அவர்தான் எடுத்துக் கொடுத்தாராம். கோர்ட்டில் நான் என் வீட்டு விளக்கு என்று சொன்ன அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதாம். மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாராம். நீ தலையைக் குனிந்துகொண்டாயாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வெங்கடம்மா, நீதான் அந்தக் கூண்டில் நின்றுகொண்டிருந்தாய், உன்னை இன்னொரு தரம் ஏற்றி, தம்பி கயிறு வாங்கினானா என்று கேட்டிருப்பார்கள், நீ பொய் சொல்ல மாட்டாய் என்றார். ஒரு வீட்டில் ஒருத்தர் போதும் என்று நினைத்தேன் என்றார். ஆறு வருஷம் மாதம் ஒரு தரம் அங்கே போய் வருகிறேன். மழை பெய்ததா, மாடு கறந்ததா என்று பேசிவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். என் வாயால்தான் உங்களுக்கு இந்தக் கதி என்று நான் ஒவ்வொரு தரமும் வலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதும் சொல்லவில்லை இந்த மனுஷன்.

எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் பொங்கிவிட்டது. யாரைக் கேட்டு என் தம்பிக்காக உள்ளே உட்கார்ந்தீர்கள், என்னைக் கேட்டீர்களா என்று கத்தினேன். வார்டர் வந்து அம்மா மெதுவாகப் பேசு என்றார். உன் பதிலைக் காட்டினேன். அவருக்குப் படிக்க வராதே, நான்தான் படித்தேன், நாலு பக்கமும். கேட்டுவிட்டு, அங்கே ரொம்பக் குளிராமே, கம்பளி வைத்திருக்கிறானா என்று கேட்டார். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். விட்டுவிடு வெங்கடம்மா, பாதி போய்விட்டது, மீதியும் போய்விடும், பையனை நெருக்காதே என்றார். ஆசீர்வாதம் எழுது என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை நான் தட்டினதில்லை. இதை மட்டும் தட்டப் போகிறேன். பையன் பையன் என்கிறார், உனக்கு இருபத்து மூன்று வயசு. நீ சித்திரையில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு வெள்ளைக்காரன் உன் மாமா மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு விடுதலையாகிறதைப் பார்க்கப் போகிறாய். அக்கம்பக்கத்தார் கை தட்டுவார்கள். அப்போது உன் மாமா இங்கே தகரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருப்பார். இது என் கற்பனை இல்லை.

வக்கீல் ஐயா இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ ஒன்றும் கோத்து எழுத வேண்டாம். படித்துப் பார், தப்பாக இருந்தால் திருத்து, தூதராபீசில் சத்தியம் செய்து கீழே கையெழுத்துப் போடு. நாராயணம்மாவுக்குத் தனியாக ஒரு காகிதம். தமிழிலேயே எழுது, நான் தெலுங்கில் சொல்லிக்கொள்கிறேன். பாதிரியாரும் உனக்கு எழுதியிருக்கிறார். பரிசு கொடுத்தவர்களுக்கு எழுதட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் சாமி, அவனே செய்வான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை.

உன் மாமா ஆசீர்வாதம் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அது அவருடையது. நீ நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என்றார். உன் கையெழுத்து வந்தால், பரிசு போனாலும், பேர் கெட்டாலும், எந்த ஊர் உன்னை விரட்டினாலும், இந்த வீட்டில் உனக்கு ஒரு தட்டுச் சோறு உண்டு. நாராயணம்மா துப்பினாலும் உன் முன்னால் நான் நின்றுகொள்வேன். வராவிட்டால், இனிமேல் இந்த விலாசத்துக்கு எழுதாதே. உன் தம்பி எங்கே என்று யாராவது கேட்டால், எனக்கு ஒரு தம்பி இருந்தான், பதினேழு வயசில் ராகிக் குழியில் செத்துப்போனான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடு, சாமி.

இப்படிக்கு,
கங்கப்பன் பெண்டாட்டி
வெங்கடம்மாள்